சும்மா கிடைக்கும் நீச்சல் தடாகத்தைக் கழற்றி நம் வளவில் பூட்டுவது பற்றி

கேள்வி இதுதான். ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஏஜாக்ஸில் வீடு, பின்வளவு ஓரளவு பெரியது. மனைவியோடு வேலை செய்யும் ஒருவர், நிலத்துக்கு மேல் நிற்கும் 24 அடி வட்டத் தடாகம் ஒன்றைச் சும்மா தருகிறார். வயது பன்னிரண்டு. கழற்றிக்கொண்டு போனால் போதும் என்கிறார். மச்சான் உதவிக்கு வருவார். ஒரு சனி ஞாயிறில் கழற்றிப் பூட்டிவிடலாமா, எதைப் பார்த்து எடுக்க வேண்டும், எங்கே செலவு வரும்? வீட்டில் 4 வயதிலும் 7 வயதிலும் பிள்ளைகள்.

தம்பி, எனக்கும் சொந்தக்காரருக்குமாக ஒன்ராறியோவில் இதுவரை நாலு தடாகம் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். முதலாவதை இரண்டு தரம் பூட்ட வேண்டி வந்தது. அதைக் கீழே சொல்கிறேன். முதலில் உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: எடுக்கலாம், ஆனால் ஒரு சனி ஞாயிறு போதாது. கழற்ற ஒரு நாள், பூட்ட ஒரு நாள். இரண்டுக்கும் நடுவே நிலத்தை மட்டமாக்குவதற்குத்தான் இரண்டு மூன்று சனி ஞாயிறுகள் போகும். உங்களுக்குச் சும்மா கிடைப்பது தகரச் சுவரும் அதைத் தாங்கும் சட்டங்களும் மட்டுமே. லைனர், அதாவது தண்ணீரைத் தாங்கும் உள் வினைல் விரிப்பு, புதிதாக வாங்க வேண்டும், ஸ்கிம்மருக்கு (மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் சுவர் வாய்) கசிவு தடுக்கும் கேஸ்கெட்டுகள் புதிதாக வாங்க வேண்டும், நிலத்தை நீங்கள்தான் தயார் செய்ய வேண்டும். இந்தக் கணக்குத் தெரிந்து போனால் ஏமாற்றம் இல்லை.

எதைப் பார்த்து எடுப்பது என்றால், சுவரைப் பார்த்து. மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. சுவர் ஒரே நீளத் தகடு. 24 அடித் தடாகத்துக்கு அது 75 அடி நீளம். அதில் கறள் ஏறியிருந்தால் தடாகம் முடிந்தது. வெளிப்பக்கம் மினுமினுப்பாக இருக்கும், அதை நம்ப வேண்டாம். கறள் பிடிக்கும் இடங்கள் நாலு. ஸ்கிம்மர் வாயைச் சுற்றி, தண்ணீர் திரும்பி வரும் துளையைச் சுற்றி, சுவரின் இரு முனைகளும் சேரும் போல்ட் மூட்டில், அப்புறம் அடியில் மண்ணோடு ஒட்டிய கடைசி மூன்று நாலு அங்குலத்தில். போகும்போது ஒரு திருப்புளி கொண்டு போங்கள். அடிப்பாகத்தைச் சுற்றிவர நடந்து, புல்லை விலக்கி, சந்தேகமான இடத்தில் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். மேற்பூச்சு மட்டும் உதிர்ந்தால் பரவாயில்லை, சுரண்டிக் கறள் தடுக்கும் பூச்சு அடிக்கலாம். முனை உள்ளே இறங்கினால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். ஸ்கிம்மர் வாயில் சின்னதாக அரித்திருந்தால் அதற்கென்று விற்கிற தகட்டை ஒட்டிச் சமாளிக்கலாம். மூட்டிலும் அடியிலும் அரித்ததற்கு ஒட்டு வேலை சரிவராது.

மூட்டைப் பற்றி ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 அடி விட்டம், தண்ணீர் 46 அங்குல ஆழம் என்று வைத்தால், உள்ளே இருப்பது ஏறத்தாழ 49,000 லீற்றர். அதாவது 49 தொன். அந்தத் தண்ணீர் சுவரைச் சுற்றிவர வெளியே தள்ளுகிறது. வட்டமாக இருப்பதால் அந்தத் தள்ளல் முழுவதும் சுவரை நீளவாக்கில் இழுக்கும் விசையாக மாறுகிறது. மூட்டில் வரும் இழுவை ஏறத்தாழ இரண்டரைத் தொன். அந்த ஒரு வரிசை போல்ட்டுகளில் ஒரு பெரிய காரைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். அங்கே கறள் ஏறிய தகடு ஒரு நாள் கிழியும். கிழியும்போது மெதுவாகக் கசியாது, ஒரே வீச்சில் திறக்கும். பக்கத்தில் பிள்ளை நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சுவரின் உட்பக்கத்தை லைனரை வெட்டிய பிறகுதான் முழுதாகப் பார்க்க முடியும். ஆகையால் கொடுப்பவரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: "லைனரை வெட்டிப் பார்த்து, உள்ளே சுவர் பழுது என்றால் நான் எடுக்க மாட்டேன்" என்று. அவருக்கு வேண்டியது வளவு வெறுமையாவது. அதனால் உடைந்த தகரம், பழைய லைனர், அடியில் கிடக்கும் மணல் ஆகியவற்றை யார் அள்ளுவது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். பிறகு மனஸ்தாபம் வேண்டாம், மனைவியின் வேலைத்தலம் வேறு.

உற்பத்தி செய்த நிறுவனத்தின் பெயரும் மாடல் பெயரும் கேட்டு வாங்குங்கள். கையேடு இருந்தால் பொன். மேலே மூட்டுகளை மூடும் பிளாஸ்டிக் மூடிகள் வெயிலில் காய்ந்து அப்பளம் போல் நொறுங்கும். நிறுவனம் அந்த மாடலை நிறுத்தியிருந்தால் மாற்று மூடி தேடி அலைய வேண்டும். எத்தனை நிமிர்சட்டங்கள் இருக்கின்றன என்று எண்ணி, அத்தனை மூடியும் அடித்தகடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தடாகம் வட்டம் என்பது உங்கள் அதிர்ஷ்டம். நீள்வட்டமாக இருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நீள்வட்டத்தின் நேர்ப்பக்கங்கள் தாமாக நிற்காது. நிலத்துக்கடியில் பட்டைகள், பக்கத்தில் முட்டுக்கால்கள் எல்லாம் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். பழையதைக் கழற்றிப் பூட்டும்போது அவை ஒன்றுக்கொன்று ஒத்துவருவது பெரும்பாடு.

சரி, கழற்றுவதற்கு வருவோம். காற்று இல்லாத நாளாகப் பாருங்கள், மழை தூறினாலும் பரவாயில்லை. முதல் நாளே நீரமிழ் பம்ப் ஒன்றை உள்ளே இறக்கித் தண்ணீரை வெளியேற்றத் தொடங்கினால்தான் மறுநாள் வேலை ஓடும். குளோரின் போட்ட தண்ணீரைத் தெரு ஓரத்து மழைநீர் வடிகாலுக்குள் விடக் கூடாது. ரொறன்ரோவில் இது நகரச் சட்டம், மற்ற நகரங்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். அந்த வடிகால் ஓடைக்கும் ஏரிக்கும் நேரே போகிறது, மீன் சாகும். கொடுப்பவரின் சொந்த வளவுக்குள் மெதுவாக விடலாம், அல்லது வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குள் விடலாம். பக்கத்து வீட்டு வளவுக்குள் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதையும் தொடும் முன் கைபேசியால் படம் எடுங்கள். ஒவ்வொரு மூட்டையும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுங்கள். ஒரே மாதிரித் தெரியும் மேற்சட்டங்களில் நீளம் சற்று வேறுபடும் ஒன்று இருக்கலாம், அதனால் ஒட்டுநாடா ஒட்டி எண் எழுதிவிடுங்கள். கறள் பிடித்த திருகாணிகளுக்கு முதல் நாளே எண்ணெய் விசிறிவிட்டால் அரைவாசி தாமாகக் கழலும். மிச்சத்தை உடைத்தே எடுங்கள். திருகாணிகளையும் போல்ட்டுகளையும் திருப்பிப் பாவிக்க வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிதாக வாங்குங்கள். நாற்பது ஐம்பது டொலர்ச் செலவில் பெரிய நிம்மதி. அளவுக்கு மாதிரியாகப் பழையதில் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டு வைத்திருங்கள்.

மேல் மூடிகள், மேற்சட்டங்கள், அதற்குள் சுவரின் விளிம்பில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைகள், பிறகு லைனர் என்ற ஒழுங்கில் போங்கள். லைனரைக் கத்தியால் நாலைந்து துண்டாக வெட்டிச் சுருட்டினால்தான் தூக்க முடியும். அதைப் பத்திரமாகக் கழற்றித் திருப்பிப் பூட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல வருடம் தண்ணீர்ப் பாரத்தில் இழுபட்டு, குளோரினில் காய்ந்த வினைல் அது. கழற்றியதும் சுருங்கிவிடும், திரும்ப இழுத்தால் கிழியும்.

லைனர் போனதும் சுவர் வெறும் தகரமாக நிற்கும். இதுதான் ஆபத்தான நேரம். நிமிர்சட்டங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிவிடாதீர்கள். இரண்டு பேர் சுவரைப் பிடித்தபடி நிற்க, மூட்டுப் போல்ட்டுகளைக் கழற்றி, ஒரு முனையிலிருந்து சுவரை நிமிர்ந்த நிலையிலேயே சுருட்டிக்கொண்டு வர வேண்டும். சுருள் வரும் பக்கத்தில் ஒவ்வொரு நிமிர்சட்டமாகக் கழற்றிக்கொண்டே போகலாம். சுருளின் அடியில் ஒரு பிளைவுட் பலகை வைத்தால் மண்ணில் புதையாமல் வழுக்கிக்கொண்டு வரும். மூன்றடி விட்டத்துக்குக் குறைவாக இறுக்க வேண்டாம், தகடு மடிந்தால் அந்த மடிப்பு போகவே போகாது, அந்த இடத்தில்தான் பிறகு கறளும் வரும். சுருட்டி முடிந்ததும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் கயிறு கட்டுங்கள். சுருள் நூறு கிலோவை நெருங்கும், தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி. தடித்த கையுறை இல்லாமல் ஒருவரும் தொடக் கூடாது. நீங்களும் மச்சானும் இரண்டு பேர் போதாது, நாலு பேர் வேண்டும். ஏற்றுவதற்குப் பிக்கப் வண்டி ஒன்று போதும், சுருளை நிறுத்தியபடியே ஏற்றிக் கட்டுங்கள். படுக்க வைத்தால் தன் பாரத்திலேயே நசுங்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பின்னேரம் காற்று எழும்பிய பிறகு இந்த வேலையைத் தொடங்கினார்கள். பாதிச் சுவர் கழன்ற நேரம் ஒரு காற்று வந்து பாய் போல் அதைப் பிடித்து வேலிக்கு மேலே மடித்துப் போட்டது. யாருக்கும் வெட்டவில்லை, கடவுள் காப்பாற்றினார். சுவர் பழைய இரும்புக்குப் போனது.

இனி நிலம். இதைத்தான் நீட்டி எழுதப் போகிறேன். தடாகம் சரிவதும் லைனர் கிழிவதும் பெரும்பாலும் நிலத்தில் விட்ட பிழையால்தான் வருகின்றன.

தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) என்ற நிலத்தடிக் கம்பி அறிவிப்புச் சேவைக்கு அறிவியுங்கள். குறைந்தது ஐந்து வேலைநாட்களுக்கு முன்னால் சொல்ல வேண்டும். செலவில்லை. காஸ், மின்சாரம், தொலைபேசிக் கம்பிகள் எங்கே போகின்றன என்று வந்து நிறத்தால் அடையாளம் போட்டுவிட்டுப் போவார்கள். 2012ஆம் ஆண்டிலிருந்து இது மாகாணச் சட்டம். புல்லைத்தானே செதுக்குகிறோம் என்று விட்டுவிடாதீர்கள், சில வீடுகளில் கம்பி ஒரு அடி ஆழத்திலேயே போகும். மேலே மின்கம்பி போகும் இடத்துக்குக் கீழேயும் தடாகம் வைக்கக் கூடாது. பெரிய மேப்பிள் மரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வேரோடும் இலையோடும் காலம் முழுக்கச் சண்டை.

இடம் தெரிந்ததும் நடுவில் ஒரு கம்பியை அடித்து, கயிறு கட்டி, 26 அடி விட்டத்தில் வட்டம் போடுங்கள். தடாகத்தைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு அடி கூடுதல். அந்த வட்டத்துக்குள் இருக்கும் புல் முழுவதையும் வேரோடு எடுக்க வேண்டும். புல்லின் மேல் மணலைக் கொட்டினால் அது அழுகிக் குழிகுழியாக இறங்கும். கோரை இருந்தால் கிழங்கோடு கிண்டி எடுங்கள். ஊரில் வயலில் பார்த்திருப்பீர்கள், அதன் குருத்து ஊசி மாதிரி. மணலையும் வினைலையும் துளைத்துக்கொண்டு தடாகத்துக்குள்ளேயே வரும். அதன் உறவுக் கோரை இங்கேயும் உண்டு.

அடுத்தது மட்டம். விதி ஒன்றுதான்: மேட்டை வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்பாதீர்கள். வட்டத்துக்குள் எது ஆகத் தாழ்ந்த இடமோ, அந்த இடத்தின் மட்டத்துக்கு மற்ற இடம் முழுவதையும் வெட்டி இறக்க வேண்டும். நான் முதல் தடாகத்தில் செய்த பிழை இதில்தான். ஒரு பக்கம் நாலு அங்குலம் தாழ்வாக இருந்தது. மறுபக்கம் வெட்டிய மண்ணை அள்ளி இங்கே போட்டு, தண்ணீர் தெளித்து, மிதித்து, இடித்து, கல் மாதிரி இருக்கிறது என்று திருப்திப்பட்டேன். அந்தக் கோடைக்கு நின்றது. பனி உருகி வைகாசி வந்தபோது அந்தப் பக்கம் இரண்டரை அங்குலம் இறங்கியிருந்தது. நிமிர்சட்டங்கள் வெளியே சாயத் தொடங்கின. 49 தொன் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அதைத் தள்ளி நிமிர்த்த எந்த வழியும் இல்லை. தண்ணீர் முழுவதையும் விட்டு, லைனரை வெட்டி எறிந்து, நிலத்திலிருந்து திரும்பத் தொடங்கினேன். அந்த லைனருக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் வளவு ஒருபோதும் மட்டமாக இருக்காது. வட்டத்தின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் அரை அடி வித்தியாசம் என்று வையுங்கள். அதை வெட்டி எடுத்தால் ஏறத்தாழ நாலு கன மீற்றர் மண், ஆறு ஏழு தொன். அதை எங்கே கொட்டுவது என்று வெட்டத் தொடங்கும் முன்பே யோசியுங்கள். ஒரு அடிக்கு மேல் வித்தியாசம் என்றால் மண்வெட்டியை வைத்துவிட்டுச் சின்ன எக்ஸ்கவேட்டர் ஒன்றை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள். அப்போது வெட்டிய கரையிலிருந்து மண் சரிந்து சுவரில் விழாதபடி தள்ளி ஒரு தடுப்புக் கட்ட வேண்டியும் வரும்.

மட்டம் பார்க்க லேசர் கருவி வாடகைக்குக் கிடைக்கும். எனக்குப் பிடித்தது ஊர் முறை. கண்ணாடி போன்ற தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு தடியில் கட்டிப் பிடித்தால், தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும். வீட்டு அத்திவாரத்துக்கு மேசன்மார் பார்க்கிற அதே மட்டம்தான். குழாய்க்குள் காற்றுக் குமிழ் மட்டும் இருக்கக் கூடாது. முழு வட்டத்துக்கும் ஒரு அங்குலத்துக்குள் இருந்தால் ஏற்கலாம். நான் அரை அங்குலத்துக்குள் கொண்டுவராமல் விடுவதில்லை. 24 அடிக்கு அரை அங்குலம் கஷ்டம்தான், ஆனால் பொறுமையாக இரண்டு பின்னேரம் செதுக்கினால் வரும்.

நிமிர்சட்டம் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பற்றியோ கல் (முற்றத்தில் பதிக்கும் தட்டைக் கல்) புதைக்க வேண்டும். தண்ணீரின் பாரம் கால்களில் இறங்குவதில்லை, அது நேரே நிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் அடி கூராக இருப்பதால் மழையில் ஊறிய களிமண்ணில் புதைந்துவிடும், அதைத் தடுக்கத்தான் கல். கல்லின் மேற்பரப்பு நிலத்தோடு சமமாக இருக்க வேண்டும், எல்லாக் கற்களும் ஒன்றோடொன்று மட்டமாக இருக்க வேண்டும். கல்லை நிலத்தின் மேல் வைத்துவிட்டு அதன் மேல் சட்டத்தை ஏற்றினால் சுவருக்கடியில் இடைவெளி விழும். கல்லுக்கடியில் மணல் வேண்டாம், வெட்டாத இறுகிய மண்ணிலேயே கல் உட்காரட்டும். உங்கள் பக்கத்து மண் பெரும்பாலும் களிமண், வசந்தத்தில் சேறாகிப் பனியில் பொங்கும். அதனால் சித்திரையில் தொடங்காமல் வைகாசிக் கடைசிவரை பொறுத்திருங்கள்.

கல் வைத்த பிறகு அடிச்சட்டங்களை வட்டமாகக் கோத்து, நடுக்கம்பியிலிருந்து எல்லாப் பக்கமும் அளந்து, வட்டம் சரியா என்று பாருங்கள். ஒரு பக்கம் 12 அடி, ஒரு பக்கம் 12 அடி 2 அங்குலம் என்று வந்தால் சுவரின் இரு முனைகளும் சேராது. முனைகள் சேராவிட்டால் சட்டங்களுக்கு நடுவே விட்ட இடைவெளியை எல்லா இடத்திலும் ஒரே அளவில் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டலாம்.

சுவர் ஏற்றும் நாள் காலையில் ஐந்து ஆறு மணிக்கே தொடங்குங்கள், காற்று எழும்பும் முன் முடிந்துவிடும். அடிக்குப் போடும் மணலைச் சுவர் ஏறுவதற்கு முன்பே வட்டத்தின் நடுவில் குவித்து வையுங்கள், பிறகு நாலு அடிச் சுவருக்கு மேலால் வாளி வாளியாகக் கொடுக்க வேண்டியதில்லை. 24 அடிக்கு இரண்டு அங்குல மணலும் சுவரோரம் சாய்வாக ஒதுக்கும் மணலும் சேர்த்து நாலு தொன் வரும். மேசன் மணல் என்று கேளுங்கள், கல் இல்லாமல் சலித்தது. ஸ்கிம்மர் எந்தப் பக்கம் வருமென்று முதலே முடிவு செய்யுங்கள். இங்கே காற்று அநேகமாக மேற்கிலிருந்து வருகிறது. ஸ்கிம்மர் கிழக்குப் பக்கம் இருந்தால் இலையும் பூச்சியும் தாமாக அதற்குள் போகும். மூட்டு ஒரு நிமிர்சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து வரும்படி தொடங்குங்கள். எல்லாத் துளைக்கும் போல்ட் போட வேண்டும், ஒன்றையும் விடக் கூடாது. போல்ட்டின் தலை உள்ளே, நட் வெளியே. பிறகு உள்ளே தலைகளின் மேல் டக்ட் டேப் மூன்று அடுக்கு.

மணலைப் பரப்பி இடித்து மட்டமாக்கியதும், சுவரின் அடியைச் சுற்றி உட்பக்கமாக எட்டு அங்குல உயரத்துக்குச் சாய்வாக மணலை ஒதுக்கி இறுக்கித் தட்டுங்கள். இந்த அணை அழகுக்கு இல்லை. இது இல்லாவிட்டால் தண்ணீர் லைனரைச் சுவருக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவிலுள்ள சந்துக்குள் தள்ளும், அந்தத் தகட்டு விளிம்பில் வினைல் அறுந்துவிடும். மணலுக்குப் பதிலாக ஃபோம் பட்டையும் விற்கிறார்கள், அது பிடிக்கச் சுலபம். மணலின் மேல் தடித்த ஜியோடெக்ஸ்டைல் (மண்ணில் போடும் செயற்கைத் துணி) விரிப்பு ஒன்று போட்டால் லைனருக்கு ஆயுள் கூடும். வீட்டில் கழற்றிய பழைய கம்பளத்தைப் போட வேண்டாம்.

லைனர் வாங்கும்போது தடாகத்தின் அளவும் சுவரின் உயரமும் சொல்லி, சுவருக்கு மேலால் மடித்துத் தொங்கவிடும் வகையைக் கேளுங்கள். பழைய சுவர்களில் விளிம்பு எப்படி இருந்தாலும் அது ஒத்துவரும், ஒரு அங்குலம் முன்பின் சரிக்கட்டவும் இடம் தரும். சில நூறு டொலர் ஆகும். நல்ல வெயில் நாளில் பெட்டியைப் பிரித்து, வினைல் இளகியதும் போடுங்கள். குளிர்ந்த லைனரை இழுத்தால் சுருக்கம் போகாது. வெறுங்காலோடு அல்லது காலுறையோடு மட்டும் உள்ளே இறங்குங்கள். ஒரு அங்குலம் தண்ணீர் விட்டுக் குழாயை நிறுத்தி, மெதுவான தும்புத்தடியால் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தள்ளிச் சுருக்கத்தை எடுங்கள். தூசி உறிஞ்சும் பெரிய வாக்யூம் ஒன்றின் குழாயை ஸ்கிம்மர் துளை வழியாகச் சுவருக்கும் லைனருக்கும் நடுவில் விட்டு, மற்ற ஓட்டைகளை அடைத்துக் காற்றை இழுத்தால் லைனர் சுவரோடு போய் ஒட்டும். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

முதல் மூன்று அங்குலத் தண்ணீரை நல்ல மட்டக்கருவியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தைச் சுற்றி ஒவ்வொரு நிமிர்சட்டத்துக்கும் நேரே, சுவரின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர்வரை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த நேரம் இறைத்துவிட்டுத் திருத்த ஒரு நாள் போதும். நிரம்பிய பிறகு முடியாது.

தோட்டக் குழாயால் நிரப்ப ஏறத்தாழ இரண்டு முழு நாள் பிடிக்கும். ஸ்கிம்மருக்கும் திரும்புகுழாய்க்கும் லைனரில் துளை வெட்டுவதைக் கடைசிவரை தள்ளிப் போடுங்கள். தண்ணீர் அந்தத் துளைக்குச் சில அங்குலம் கீழே வரும்வரை லைனர் இழுபட்டுக்கொண்டே இருக்கும். முந்தி வெட்டினால் துளை விலகிப் போய்விடும், வெட்டிய வினைலைத் திருப்பி ஒட்ட முடியாது.

மின்சாரத்தில் நானும் கை வைப்பதில்லை, நீங்களும் வைக்க வேண்டாம். உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் வந்து, மாகாண மின்பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்து, பம்புக்குத் தனி இணைப்பும் கசிவு மின்சாரத்தில் தானாக நிற்கும் பாதுகாப்பும் போட வேண்டும். அத்தோடு சுவர், சட்டங்கள், பம்ப் எல்லாவற்றையும் தடித்த செப்புக் கம்பியால் ஒன்றாக இணைப்பார். ஏன் என்று மச்சான் கேட்டால் சொல்லுங்கள்: எங்காவது மின்சாரம் கசிந்தாலும் எல்லா உலோகமும் ஒரே அழுத்தத்தில் இருந்தால், தண்ணீரில் நின்றபடி சுவரைத் தொடுபவரின் உடம்பு வழியாக அது பாயாது. நீட்டு வயரில் பம்பை ஓட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஈரப்புல்லில் கிடக்கும் அந்த வயரை நினைத்தாலே நெஞ்சு பதறும்.

தண்ணீர் வேதியியல் பழகிவிடும், கடையில் பரிசோதனைப் பட்டை வாங்கினால் போதும். பிஎச் 7.2 முதல் 7.8 வரை, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை. ஒரு வகைக் குளோரினையும் வேறு வகைக் குளோரினையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

இனி வேலி. நகரசபைக்குப் போய்த் தடாக வேலி அனுமதி கேளுங்கள், மண் வெட்டுவதற்கு முன்பே. பெரும்பாலான நகரசபைகளில் 60 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமான எதற்கும் அனுமதி வேண்டும். ரொறன்ரோவில் தனி வீடுகளுக்கு வேலி குறைந்தது 1.2 மீற்றர் உயரம், படலை தானாகச் சாத்திக்கொள்ளவும் தானாகப் பூட்டிக்கொள்ளவும் வேண்டும். ஏஜாக்ஸின் அளவுகளை அங்கேயே கேட்டு உறுதிப்படுத்துங்கள். நிலமேல் தடாகத்தின் சுவரே நாலு அடி உயரம் என்பதால் வேலி தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் பம்ப், வடிகட்டி, பூச்சாடி, நாற்காலி என்று சுவருக்குப் பக்கத்தில் எது இருந்தாலும் 4 வயதுப் பிள்ளைக்கு அது படிதான். 2025 ஜூலையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்டெக்ஸ், பெஸ்ட்வே, பாலிகுரூப் நிறுவனங்களின் நாலடியும் அதற்கு மேலும் உயரமான தடாகங்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 50 லட்சம் தடாகங்கள். காரணம், கால்களுக்கு வெளியே சுற்றிவர ஓடும் ஒரு பட்டை. அதில் காலை வைத்து ஏறி, 2007க்கும் 2022க்கும் நடுவில் ஒன்பது சின்னப் பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. உங்களுக்குக் கிடைப்பது தகரச் சுவர்த் தடாகம், அந்த வகை இல்லை. ஆனால் யாராவது துணிச்சுவர்த் தடாகம் ஒன்றைச் சும்மா தந்தால் இந்தப் பட்டியலைப் பார்த்து, நிறுவனத்திடம் திருத்தும் பொருளைக் கேட்டு வாங்கிய பிறகே பூட்டுங்கள்.

பழைய ஏணி தடாகத்தோடு வந்தாலும் அதை மட்டும் எடுக்காதீர்கள். வெளிப்பக்கப் படிகளை மேலே தூக்கி மடித்துப் பூட்டுப் போடக்கூடிய ஏணி ஒன்றைப் புதிதாக வாங்குங்கள். பெரியவர் ஒருவர் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் அது கீழே இறங்க வேண்டும். சாவி உங்கள் கார்ச் சாவியோடு ஒரே வளையத்தில் இருக்கட்டும்.